உஷார்! லட்ச ரூபாய்க் கண்ணாடி ஒரே இரவில் கண்ணை மூடிவிடும்

நல்ல நிலையில் இருந்த ஒரு கருவி 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு செத்துப்போனது. பெயர் மேஜிக் லீப் ஒன். தலையில் மாட்டிக்கொண்டால் வீட்டுக் கூடத்திலேயே மாய உருவங்கள் நடமாடும் என்று சொல்லி, 2018 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் 2,295 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைய மதிப்பில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேல். வாங்கியவர் அதைக் கீழே போட்டு உடைக்க வேண்டியதில்லை, மழையில் நனைக்க வேண்டியதில்லை. அதைத் தயாரித்த நிறுவனமே அதை இயக்கும் சர்வரை நிறுத்தியது, கதை முடிந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு கருவியும் ஓடாது, அதில் இருக்கும் ஆப்களும் ஓடாது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள். முழு விலை கொடுத்து வாங்கிய பொருள், ஆறு வருடத்தில் அலமாரியில் கிடக்கும் பிளாஸ்டிக்.

ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏ.ஆர்., என்ற பெயரில் வரும் கண்ணாடிகளும் ஹெட்செட்களும் இப்போது நம் வீட்டுப் பேச்சுக்குள்ளும் வந்துவிட்டன. பிள்ளைகள் யூடியூபில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். கல்லூரி விளம்பரத்தில் 'ஏ.ஆர். லேப்' என்று போடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவிடமோ சித்தப்பாவிடமோ ஒன்று வாங்கிவரச் சொல்லலாமா என்று யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பணத்தை எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். விளம்பரத்தில் நீங்கள் பார்ப்பது ஒன்று, தலையில் மாட்டிய பிறகு தெரியப்போவது வேறொன்று. அந்த வித்தியாசத்துக்குத்தான் லட்சக்கணக்கில் விலை கேட்கிறார்கள்.

நம் கண்ணெதிரே இருக்கும் நிஜ உலகத்தின் மேல் கம்ப்யூட்டர் உருவாக்கிய படத்தையோ எழுத்தையோ ஒட்டிக் காட்டுவதுதான் ஏ.ஆர். சுற்றியிருப்பதை முழுக்க மறைத்து வேறோர் உலகத்தைக் காட்டினால் அது வி.ஆர். ஆசை பழையது. இவான் சதர்லேண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1968-லேயே தலையில் மாட்டும் திரையைச் செய்துவிட்டார். கனம் தாங்காமல் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் இந்தத் துறை முழுசாகக் கரையேறவில்லை என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது.

செத்துப்போனது மேஜிக் லீப் மட்டுமா? கூகுள் கிளாஸ் 2013-ல் 1,500 டாலருக்கு வந்தது. 2015 ஜனவரியில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. தொழிற்சாலைகளுக்காக அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2023 மார்ச்சில் அதையும் நிறுத்தி, அந்தச் செப்டம்பரோடு ஆதரவையும் முடித்துக்கொண்டார்கள். மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2, ஒன்று 3,500 டாலர். அதன் தயாரிப்பு 2024-ல் நின்றுவிட்டது, 2027-க்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட்கூடக் கிடையாது. அதே நிறுவனத்தின் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற மென்பொருளை நம்பி ஹெச்.பி., ஏசர், டெல், லெனோவோ, சாம்சங் என்று பல பேர் வி.ஆர். ஹெட்செட் விற்றார்கள். விண்டோஸ் 11-ன் 2024-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த மென்பொருளையே எடுத்துவிட்டார்கள். வாங்கியவர் கம்ப்யூட்டரை அப்டேட் செய்தால் ஹெட்செட் போச்சு, ஹெட்செட் வேண்டுமென்றால் பழைய விண்டோஸிலேயே உட்கார வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்தவை முகவரியில்லாத கம்பெனிகள் என்றால் ஏமாந்தோம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கூகுளும் மைக்ரோசாஃப்டும் உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள். மேஜிக் லீப் 200 கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டியது. அவர்களே பாதியில் விட்டுப்போகும் தொழிலில், பெயர் தெரியாத ஒரு பிராண்டின் கண்ணாடியை ஆன்லைனில் வாங்குகிறவர் என்ன நம்பிக்கையில் வாங்குகிறார்?

விளம்பரப் படங்களுக்கு வருகிறேன். பள்ளி உள்விளையாட்டு அரங்கின் தரையைப் பிளந்துகொண்டு ஒரு திமிங்கலம் எழும்பி, தண்ணீரை வாரி இறைத்துவிட்டு மறையும். பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள், யார் தலையிலும் கருவியே இருக்காது. மேஜிக் லீப் காட்டிய இந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அந்த நிறுவனம் 2015-ல் வெளியிட்ட இன்னொரு வீடியோவில் அலுவலகத்துக்குள் ரோபோக்களைச் சுட்டு விளையாடுவார்கள். அது நியூசிலாந்தின் வேட்டா நிறுவனக் கலைஞர்கள் சினிமா கிராஃபிக்ஸாகச் செய்தது என்பது அடுத்த வருடம் அம்பலமானது. அந்த வீடியோவை நம்பி ஆர்வத்தோடு காத்திருந்தவர்கள் எத்தனை பேர்! ஹோலோலென்ஸ் மேடை நிகழ்ச்சிகளிலும் இதே கதைதான். பார்வையாளருக்குக் காட்ட ஒரு தனிக் கேமரா வைத்திருந்தார்கள். அதில் மேசை முழுக்க மைன்கிராஃப்ட் விளையாட்டின் கோட்டை விரிந்து தெரிந்தது. கருவியை மாட்டிப் பார்த்த பத்திரிகையாளர்களுக்குக் கண்ணெதிரே சின்னச் சதுரம் அளவுக்குத்தான் தெரிந்தது.

ஏன் அப்படி? இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் சொல்ல மாட்டார். இரண்டு கண்ணாலும் சேர்த்து நாம் பக்கவாட்டில் ஏறத்தாழ 200 டிகிரி வரை பார்க்கிறோம். முதல் ஹோலோலென்ஸ் படம் காட்டியது மூலைக்கு மூலை அளந்தால் 34 டிகிரிதான். இரண்டு மீட்டர் தள்ளி ஒரு மனிதர் நிற்பதுபோல் உருவம் வந்தால் அதில் பாதி ஆள்கூட ஒரே பார்வையில் அடங்கமாட்டார். முகத்தைப் பார்த்தால் காலைக் காணோம், காலைப் பார்த்தால் முகத்தைக் காணோம். ஹோலோலென்ஸ் 2-ல் இதை 52 டிகிரிக்கு உயர்த்தினார்கள். மெட்டா நிறுவனம் 2024 செப்டம்பரில் காட்டிய ஓரியன் என்ற கண்ணாடி 70 டிகிரி தந்தது, எடையும் 100 கிராமுக்குள். ஆனால் அது மாதிரிக் கருவி, விற்பனைக்கு வரவில்லை. ஒன்றைச் செய்யவே 10,000 டாலர் பிடிக்கும் என்று செய்திகள் வந்தன. அதே நிறுவனம் 2025-ல் உண்மையிலேயே கடைக்கு அனுப்பிய ரே-பான் டிஸ்ப்ளே கண்ணாடியில் வலக்கண்ணுக்கு மட்டும்தான் திரை, அதுவும் 20 டிகிரி. மெசேஜ் படிக்கலாம், வழி கேட்கலாம். வந்தபோது விலை 799 டாலர். ஓரியனின் வீடியோவைப் பார்த்துவிட்டு டிஸ்ப்ளேயை வாங்குகிறவர் எதை எதிர்பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். கண்ணாடி வழியாக வெளியுலகத்தை நேராகப் பார்க்கவிடும் கருவிகள், படத்தின் ஒளியை வெளியிலிருந்து வரும் ஒளியோடு சேர்த்துத்தான் காட்ட முடியும். ஒளியைக் கூட்டலாமே தவிர இருளைக் கூட்ட முடியாது. அதனால் கறுப்பு நிறம் வராது, கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் பின்னாலிருக்கும் சுவர் தெரியும். ஏ.சி. போட்ட மங்கலான ஷோரூமில் திடமாகத் தெரிந்த உருவம், மத்தியான வெயிலில் ஆவிபோல வெளிறிவிடும். வாங்கியே தீருவேன் என்பவர் ஷோரூமுக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. பக்கத்தில் இருக்கும் பொருளைப் பார்க்கும்போது நம் கண்கள் இரண்டு வேலை செய்கின்றன. இரண்டு விழிகளும் மூக்கை நோக்கித் திரும்புகின்றன. கூடவே கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தடித்து அந்தத் தூரத்துக்குக் கூர்மையைச் சரிசெய்கிறது. இயல்பாக இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. ஹெட்செட்டில் சேராது. உங்கள் கைமேல் ஒரு பட்டாம்பூச்சி உட்கார்ந்திருப்பதாகக் காட்டினால் விழிகள் உள்ளே திரும்பும், ஆனால் ஒளியோ ஒரு குறிப்பிட்ட தூரத்திலிருந்து வருவதுபோலத்தான் வரும். ஹோலோலென்ஸில் அது ஏறத்தாழ இரண்டு மீட்டர். ஒரு வேலை பக்கத்துக்குப் போ என்கிறது, இன்னொன்று தூரத்துக்குப் போ என்கிறது. கண் சோர்வும் தலைவலியும் இதிலிருந்துதான் தொடங்குகின்றன. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்டே தந்த அறிவுரை, உருவங்களை 1.25 மீட்டருக்கும் 5 மீட்டருக்கும் நடுவில் வையுங்கள் என்பது. கைக்கெட்டும் தூரம் அதற்குள் வராது. உள்ளங்கையில் வைத்துக் காட்டுவோம் என்பதுதான் விளம்பரத்தின் கவர்ச்சியே!

இது நோஞ்சான்களுக்கு வரும் தொல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்க ராணுவம் ஹோலோலென்ஸை மாற்றியமைத்து வீரர்களுக்குத் தர முடிவெடுத்தது. 2021-ல் போட்ட ஒப்பந்தத்தின் உச்ச மதிப்பு பத்தாண்டுகளுக்கு 2,190 கோடி டாலர். களச்சோதனையில் வீரர்களுக்குத் தலைவலி, கண் வலி, குமட்டல். உடற்பயிற்சியில் வார்த்தெடுக்கப்பட்ட வீரர்கள் அவர்கள். அசௌகரியம் சொன்னவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று மணி நேரம் ஆவதற்குள்ளேயே தொல்லை தொடங்கிவிட்டது. கடைசியில் 2025-ல் அந்தத் திட்டத்தின் பொறுப்பே மைக்ரோசாஃப்டிடமிருந்து ஆண்டுரில் என்ற இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. பத்தாவது படிக்கும் பிள்ளை டியூஷனுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் இதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பெற்றவர்கள் கேட்க வேண்டாமா?

ஆப்பிளின் விஷன் ப்ரோ, மெட்டாவின் குவெஸ்ட் 3 வகைகளில் பார்வைப் பரப்பு பரவாயில்லை, கறுப்பும் வரும். காரணம், அவை கண்ணாடியே அல்ல. முகத்தை முழுக்க மூடிவிட்டு, வெளியே இருக்கும் கேமரா பிடிப்பதை உள்ளே திரையில் ஓடவிடுகின்றன. நீங்கள் உங்கள் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தின் நேரலை வீடியோவைப் பார்க்கிறீர்கள். சார்ஜ் தீர்ந்தால் உலகமே இருண்டுவிடும். விஷன் ப்ரோ 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு வந்தது, நம் பணத்தில் மூன்று லட்சத்தை ஒட்டி. எடை 600 கிராமுக்கும் மேல், அத்தனையும் முகத்தில். பேட்டரியைத் தனியாக வயரில் தொங்கவிட வேண்டும், அதுவும் இரண்டு மணி நேரம்தான் தாங்கியது. 2025 அக்டோபரில் வந்த புதிய மாடலில் வேகம் கூடியது, கூடவே எடையும் 750 கிராமைத் தொட்டது. பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதன் மேல் இதை மாட்ட முடியாது, தனியாக லென்ஸ் வாங்கிப் பொருத்த வேண்டும். உறவினர் தன் முகத்துக்கு அளவெடுத்து வாங்கிவந்தது உங்கள் முகத்துக்குச் சேராமலும் போகலாம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஹெட்செட்களை மாட்டிக்கொண்டு நடந்து, சாப்பிட்டு, மனிதர்களோடு பேசிப் பார்த்தார்கள். தூரக் கணிப்பு தப்பியது. லிஃப்ட் பட்டனைத் தொட நினைத்த விரல் வேறெங்கோ போனது. எதிரே இருக்கும் மனிதர்கள் டிவியில் தெரிகிறவர்கள்போல அந்நியமானார்கள். பல வருடமாக இந்தத் துறையிலேயே உழைத்தவர்கள் அவர்கள், எதிரிகள் அல்லர். அவர்களே அளவோடு பயன்படுத்தச் சொல்கிறார்கள். விஷன் ப்ரோ வந்த முதல் வாரத்திலேயே சிலர் அதை மாட்டிக்கொண்டு கார் ஓட்டும் வீடியோக்கள் பரவின. ஓட்டுநர் கவனம் சாலையில்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்து அமைச்சரே எச்சரிக்க வேண்டியதாயிற்று. நம் ஊரில் பைக்கில் போய்க்கொண்டே செல்போன் பார்க்கிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பிள்ளைகள் விஷயத்தில் நிறுவனங்களே வரம்பு சொல்லியிருக்கின்றன. ஆப்பிள் 13 வயதுக்குக் கீழே கூடாது என்கிறது. மெட்டா 10 வயது முதல், அதுவும் பெற்றோர் கண்காணிக்கும் கணக்கில் மட்டும் என்கிறது. பிறந்தநாள் பரிசாக எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தராதீர்கள்.

அப்படியானால் இது முழுக்கப் பொய்யா? இல்லை. அதுதான் என்னை வருத்தப்பட வைக்கிறது, நல்ல விஷயத்தைத் தவறான இடத்தில் விற்கிறார்கள். 2020 ஜூனில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதுகெலும்பு அறுவை செய்த மருத்துவர், நோயாளியின் ஸ்கேன் படம் உடம்பின் மேலேயே பொருந்தித் தெரியும் கருவியை மாட்டிக்கொண்டு திருகாணிகளைப் பொருத்தினார். மானிட்டரை நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. போயிங் விமானத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான வயர்களைக் கோக்கும் தொழிலாளி, எந்த வயர் எங்கே போகும் என்பதைக் கண்ணெதிரே பார்த்து வேலை செய்தபோது நேரம் 25 சதவீதம் குறைந்தது. இரண்டு இடத்திலும் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். வேலை ஒன்று, இடம் ஒன்று, வெளிச்சம் கட்டுப்பாட்டில், மாட்டியவர் பயிற்சி பெற்றவர், கோளாறு வந்தால் பார்க்க ஆள் இருக்கிறது. வீட்டுக் கூடத்தில் இதில் எதுவும் கிடையாது.

பள்ளி, கல்லூரி நிர்வாகங்களுக்கும் இது பொருந்தும். உயிரியல் வகுப்பில் இதயத்தை மேசைமேல் சுழற்றிக் காட்ட முடிந்தால் நல்லதுதான். முப்பது ஹெட்செட் வாங்குவதற்கு முன் சப்ளையரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த வருடம் வரை அப்டேட் வரும், இணையம் இல்லாமல் ஓடுமா, தயாரித்த நிறுவனம் சர்வரை நிறுத்தினால் இந்த இதயம் சுழலுமா? பதில் பர்ச்சேஸ் ஆர்டரில் ஏற வேண்டும். அட்மிஷன் சமயத்தில் லேபைச் சுற்றிக் காட்டினால், போன செமஸ்டரில் அதில் எந்தப் பாடம் நடந்தது என்று பெற்றோர் மாணவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் நடக்கிறது. உங்கள் அசைவையே அடையாளமாக்கலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் 2023-ல், பீட் சேபர் என்ற வி.ஆர். விளையாட்டை ஆடிய 55,000-க்கும் மேற்பட்டவர்களின் தலை, கை அசைவுத் தரவை எடுத்துப் பார்த்தார்கள். வெறும் 100 விநாடி அசைவை வைத்து ஒருவரை 94 சதவீதத் துல்லியத்தில் இன்னார் என்று பிரிக்க முடிந்தது. பெயரும் படமும் தேவைப்படவில்லை. விஷன் ப்ரோவில் கண்ணால் பார்த்தே டைப் செய்யலாம். வீடியோ அழைப்பில் மாட்டியவருக்குப் பதிலாகத் தெரியும் பொம்மை முகத்தின் கண் அசைவை வைத்து என்ன டைப் செய்கிறார் என்று ஊகிக்க முடிகிறது என 2024-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆப்பிள் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. அடைபடாத ஓட்டைகள் எத்தனை என்பது கண்டுபிடிக்கப்படும்போதுதான் தெரியும்.

இதுவரை சொன்னது மாட்டுகிறவருக்கு. மாட்டாதவர்களும் உஷாராக இருக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. 2025 மே மாதத்தில் ரே-பான் மெட்டா கண்ணாடி இந்தியாவில் 29,900 ரூபாயிலிருந்து விற்பனைக்கு வந்தது. இதில் திரையே இல்லை, ஏ.ஆர். என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். இருப்பது கேமரா, மைக், ஸ்பீக்கர். பார்க்கச் சாதாரணக் கறுப்புக் கண்ணாடி. படம் எடுக்கும்போது ஓரத்தில் ஒரு சிறு விளக்கு எரியும், அவ்வளவுதான் நமக்கு அறிவிப்பு. அந்த விளக்கு போதுமா என்று இதன் முந்தைய மாடல் வந்த 2021-லேயே அயர்லாந்து, இத்தாலி நாடுகளின் தரவுப் பாதுகாப்பு அமைப்புகள் கேட்டன. காசு வாங்கிக்கொண்டு விளக்கைச் செயலிழக்கச் செய்து தருகிறவர்கள் அமெரிக்காவில் கிளம்பியதாக 2025-ல் செய்தி வந்தது. 2024-ல் ஹார்வர்டு மாணவர்கள் இருவர் இந்தக் கண்ணாடியை முகம் தேடும் இணையச் சேவையோடு இணைத்து, ரயிலில் எதிரே வந்த முன்பின் தெரியாதவர்களின் பெயர் உட்படத் தகவல்களை நிமிடங்களில் எடுத்துக் காட்டினார்கள். எச்சரிப்பதற்காகச் செய்தார்கள், செய்முறையை வெளியிடவில்லை. நோக்கம் கெட்டவர் அப்படி நிறுத்திக்கொள்வார் என்று எதை வைத்து நம்புவது?

2025 ஜனவரியில் அயோத்தி ராமர் கோயிலிலும், அதே ஆண்டு ஜூலையில் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலிலும் கேமரா கண்ணாடியோடு உள்ளே போனவர்கள் பிடிபட்டார்கள். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. போனைக் கவுண்டரில் கொடுத்து டோக்கன் வாங்குகிறோம், முகத்தில் இருக்கும் கண்ணாடியை யார் கேட்கிறார்கள்? கோயிலைவிட எனக்குப் பயம் தருவது லேடீஸ் ஹாஸ்டல், துணிக்கடை டிரையல் ரூம், ஸ்கேன் சென்டர், தேர்வு மையம் ஆகிய இடங்கள்தான். இந்த இடங்களை நடத்துகிறவர்கள் செல்போனோடு சேர்த்துக் கேமரா கண்ணாடியையும் பெயர் சொல்லித் தடைப் பலகையில் எழுத வேண்டும். காவலாளிக்கு அந்தக் கண்ணாடியின் படத்தைக் காட்டி, விளக்கும் கேமராவும் எந்த மூலையில் இருக்கும் என்று சொல்லித்தர வேண்டும்.

சட்டம் எதுவரை துணைக்கு வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தரங்கமான நிலையில் இருக்கும் பெண்ணை அவர் அறியாமல் படம் எடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கே ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு ஆண், பெண் யாராக இருந்தாலும் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம் எடுப்பதைத் தண்டிக்கிறது. ஆனால் தெருவில் நடந்து போகும் உங்களை ஒருவர் கண்ணாடியில் படம் பிடித்தால் இந்த இரண்டு பிரிவுகளும் நேரடியாகத் தொடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒரு தனிமனிதர் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் தரவை விட்டுவிடுகிறது. அந்த இடைவெளியை அரசு அடைக்கும் வரை, கேமரா கண்ணாடியைக் கண்டால் கழற்றச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள். அந்தரங்கமான இடத்தில் படம் எடுக்கப்பட்டதாகச் சந்தேகம் வந்தால் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படப் புகார்களைப் பெயர் சொல்லாமலும் அங்கே தரலாம். இடம், தேதி, நேரம், கண்ணாடியின் நிறம், பிரேமின் ஓரத்தில் விளக்கு எரிந்ததா இல்லையா என்பதை அப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தின் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி நிர்வாகத்திடம் உடனே எழுதிக் கொடுங்கள்.